மத்தி என்ன விலை

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: அம்மா, சித்தப்பா, மாமா, தவழ்கிற தம்பி, எட்டு வயது நான், வெயில் ஏறிய பிறகு வந்த மீன்கார அத்தை. அப்பா இல்லை. ஒன்பது நாளாக அவர் சப்-ஜெயிலில் இருந்தார்.

ஆட்சி மாறிய புதிது. குத்தகைக்காரரை இனி யாரும் வெளியேற்ற முடியாது என்று மேடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு மிராசுதார் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எங்கள் குத்தகை வயல் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். தாத்தா வழியாக அம்மா பேருக்கு வந்தது. அதில் மிராசுதார் ஆட்கள் அறுப்புக்கு இறங்க, அப்பா குறுக்கே போய் வரப்பில் படுத்துவிட்டார். போலீஸ் வந்து தூக்கிப்போனது. பிறகு மிராசுதாரின் காரியக்காரர் ஒரு பத்திரம் கொண்டுவந்தார். வயலை விட்டுவிடுவதாக அம்மா கைநாட்டு வைத்தால் கேஸ் வாபஸ். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாராம்.

"வச்சுத் தொலை. மச்சான் வரட்டும், கூலிக்குப் போயாவது பொழைச்சுக்கலாம்" என்றார் மாமா.

"வச்சா நாளைக்கு அண்ணன் மொகத்துல எப்புடி முழிப்பீங்க அண்ணி?" என்றார் சித்தப்பா.

இருவரும் அம்மாவுக்குத் தைரியம் சொன்னார்கள். நேரம் போகப்போக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒன்றாகவே டீக்கடைக்குக் கிளம்பினார்கள். அம்மா வாய் திறக்கவேயில்லை.

அப்போதுதான் மீன்கார அத்தை கூடையை இறக்கினாள். நாகூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து தெருத்தெருவாக விற்பவள். மீனுக்கு அறுப்பில் நெல்லாக வாங்கிக்கொள்வாள்.

"இந்த வருசம் நெல்லு இல்ல அண்ணி" என்றாள் அம்மா.

"யாரு கேட்டா? காலு வலிக்குது புள்ள, செத்த ஒக்காந்துக்கிறேன்."

உட்கார்ந்தாள். அம்மா சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்தாள். அத்தை எதுவும் கேட்கவில்லை. எனக்கு மீன் கவலை. கூடையில் ஈ மொய்த்தது. கெட்டுப்போனால் எங்கள் தலையில்தானே விழும்?

"அத்தை, மீன் நாறிடும்."

"நாறட்டும். நீ தம்பியப் பாரு."

கழுவின பாத்திரத்தையே அம்மா மறுபடி எடுத்துத் தேய்த்தாள். பிறகு சொன்னாள்: "என்னைய ஒரு வார்த்த கேக்கல அண்ணி. எம் பேருல உள்ள நெலம். அவரு பாட்டுக்குப் போயிப் படுத்துட்டாரு. எனக்கு அழுக வரல, ஆத்திரமா வருது. நானெல்லாம் ஒரு பொம்பளையா?"

அப்படியெல்லாம் பேசாதே என்று அத்தை சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள், "இப்பவும் ஆத்திரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அவ்வளவுதான், அம்மா கொட்டித் தீர்த்தாள். நடுவில் அத்தை "ம்" கொட்டியதைத் தவிர வேறு சத்தமில்லை. முடிவில் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவரப் பாத்து நாலு வார்த்த நல்லா திட்டணும். அப்பறந்தான் கைநாட்டப் பத்தி எல்லாம்" என்றாள்.

"எப்பப் போற?"

"நாளைக்கு."

"மொத பஸ்ஸுல வா. ஜெயிலுக்கு எறங்குற எடத்துல நிக்கிறேன்."

அத்தைக்குக் கூடையைத் தூக்கிவிட்டுத் தெருமுனைவரை கூடப் போனேன். டீக்கடையிலிருந்து மாமா எழுந்து வந்தார். "தங்கச்சி ஒங்கிட்ட வாயத் தொறந்தாளா? என்னா சொன்னா?"

"மத்தி என்ன வெலன்னு கேட்டா. சொன்னேன், கட்டுப்படியாவாதுன்னுட்டா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். ஒன்பது நாளைக்குப் பிறகு சிரிக்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டதோ என்று அதற்கும் பயந்தேன்.

மறுநாள் அம்மா ஜெயிலுக்குப் போய்வந்தாள். என்ன திட்டினாள், அப்பா என்ன சொன்னார், எதையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காரியக்காரர் கைநாட்டு விழாத பத்திரத்தோடு திரும்பிப் போனார். அப்பா வீடு வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

நானோ, கூசாமல் பொய் சொல்கிறவளிடம் இனி எதையும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தியபோது, அந்த அழுகையைக்கூட அவள் கண்ணில் படாமல்தான் அழுதேன். எங்கள் தெருவில் அத்தனை பெண்களும் அந்தப் பொய்க்காரியிடமே போய் ஏன் எல்லாவற்றையும் சொன்னார்கள் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவேயில்லை.