நிமோலுக்கு உருட்டாத சோறு

தியாரி எந்த அறைக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்ததில்லை. கதவுக்கு மூன்றடி முன்பே நின்று, "தியாரி வர்றேன்" என்று குரல் கொடுப்பாள். செருப்பைத் தரையில் ஒரு இழுப்பு இழுப்பாள். அதன் பிறகுதான் கதவில் கை வைப்பாள். தாய்லாந்து எல்லைக்கு இப்பாலுள்ள பத்தம்பாங் நகரத்தின் ஓரத்தில், ஆற்றைப் பார்த்த அந்த மாடிவீட்டில் இருபத்திரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். எல்லைப்புறத்துக் கரோக்கே கடைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும், சிலர் சொந்த வீடுகளிலிருந்துமே மீட்கப்பட்டவர்கள். கதவு ஓசையில்லாமல் திறந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு விறைத்துப் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தியாரி அதைப் பார்த்துவிட்டாள். யாரும் சொல்லித் தராமலேயே குரல் கொடுக்கத் தொடங்கினாள்.

அதற்கு முன் சந்தையில் கஞ்சி விற்றவள். கட்டியவன் படைமுகாமுக்குப் போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான், குழந்தையும் இல்லை. தொண்டு நிறுவனத்துக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தாள். ஒரே வருடத்தில் பிள்ளைகள் அடுப்பங்கரையிலேயே அவளைச் சுற்றிக் கிடப்பதைப் பார்த்து, நிர்வாகம் அவளை வீட்டம்மா ஆக்கியது. பிள்ளைகளுக்கு அவள் சித்தி.

நிமோல் வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. எல்லை ஊரில் ஒரு கரோக்கே கடையின் பின்னறையிலிருந்து போலீஸ் கூட்டிவந்தது. அப்பா தாய்லாந்து மீன்பிடிப் படகில் இருந்தார்; அவர் இல்லாத சமயத்தில் அம்மா சோக்கிம்தான் அவளைக் கடையில் விட்டிருந்தாள். பாத்திரம் கழுவும் வேலை என்று தரகன் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா விசாரணையில் அழுதாள். எதையும் நிரூபிக்க முடியவில்லை.

நிமோல் நான்கு மாதம் பேசவில்லை. தியாரி அவளுடைய அறை வாசலில், தன் பாதங்கள் உள்ளிருந்து தெரியும்படி பாயைப் போட்டுப் படுத்தாள். ஐந்தாம் மாதம் ஒரு காலையில், சாப்பாட்டு மேசையில் திடீரென்று ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. நிமோல்தான். கண்ணை மூடிக்கொண்டு, தியாரி மாதிரியே இழுத்து, நடுவில் விக்கி, விசில் அடித்து முடித்தாள்.

"அடிப்பாவி, நானா இப்படி?"

"இல்ல சித்தி, இது பாதிதான். முழுசா பண்ணா ஓடு கழண்டு விழுந்துடும்."

மொத்த வீடும் சிரித்தது. தியாரி சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புரட்டாசி வாக்கில், செத்தவர்களுக்குச் சோறு படைக்கும் பிச்சும்பென் பண்டிகையின் பதினைந்து நாட்களில், பிள்ளைகள் வாழையிலையில் பச்சரிசிப் பிட்டு கட்டுவார்கள். நிமோலுக்கு வாழைப்பழம் வைத்ததுதான் பிடிக்கும். ஆனால் அவள் கட்டும் முடிச்சு யாராலும் அவிழ்க்க முடியாதது. பல்லால்தான் கடிக்க வேண்டும்.

"இது பிட்டா, ஜெயிலா?" என்பாள் தியாரி.

"எங்கப்பா வலைக்குப் போடற முடிச்சு சித்தி. கடலே இழுத்தாலும் அவிழாதாம்."

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. மூன்றாம் வருடம், அந்தப் பதினைந்து நாளின் பன்னிரண்டாம் நாள், சோக்கிம் வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டை. தலையை மழித்திருந்தாள்.

புருஷன் செத்தவள் கோலம் அது. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"படகு கவுந்துடுச்சு அக்கா," என்றாள் சோக்கிம். "ஒடம்பு கூடக் கிடைக்கல. மூணு நாளா கனவுல வர்றாரு. ஏழு விகாரையும் சுத்திட்டேன், என் பேரைச் சொல்லி யாரும் ஒரு உருண்டை சோறு போடலையேன்னு அழறாரு. மகளை அனுப்புங்க. மூணே நாள். அவ கையால போடட்டும்."

நிமோல் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

வீட்டுக்கு அனுப்ப ஒரு விதி உண்டு. நிறுவனத்து ஆள் முதலில் அந்த ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து, ஊர்த்தலைவரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். அந்த வேலை வன்னாவுடையது. அவன் பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருந்தான். தியாரி போன் செய்தாள்.

"சித்தி, நான் அந்த ஊருக்கு இன்னும் போகல. விதிப்படி பார்த்தா அனுப்பக் கூடாது," என்றான். பின்னால் மேளச்சத்தம் கேட்டது. "ஆனா சாவு வீடு. பிள்ளையை தினம் பார்க்கறவங்க நீங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

தியாரிக்கு என்ன தோன்றும்? நாட்டில் லட்சக்கணக்கானோரைக் கொன்று குவித்த ஆட்சியின் அந்த மூன்று வருடம் எட்டு மாதத்தில் அவளுடைய அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த வயலில், எந்தக் குழியில் என்று இன்றுவரை தெரியாது. வருடா வருடம் இருட்டோடு விகாரையைச் சுற்றி வந்து, மூன்று பேர் பெயரைச் சொல்லிச் சோற்றுருண்டை எறிகிறாள். பிள்ளையைத் தடுத்து நிறுத்தி, ஒரு செத்த மனிதனைப் பட்டினி போட அவளால் முடியவில்லை. செத்தவர்கள் பசியோடு ஏழு விகாரையும் சுற்றி அலையும் இந்தப் பதினைந்து நாளில், தலையை மழித்துக்கொண்டு ஒருத்தி பொய் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சித்தி, அப்பா பசியா இருப்பாரு," என்றாள் நிமோல். அவ்வளவுதான் சொன்னாள்.

தியாரி கையெழுத்துப் போட்டாள். பத்துப் பிட்டுகளைப் பையில் வைத்தாள். தன் கட்டம் போட்ட துண்டை எடுத்து நிமோலின் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"திங்கக்கிழமை சாயங்காலம். விளக்கு வைக்கறதுக்குள்ள."

"நான் இல்லாம எப்படித் தூங்குவீங்க? குறட்டையை யார் எண்ணுவா?"

"போடி வாயாடி. எண்ணாம விட்டா நிம்மதியா விடுவேன்."

அந்த வருடம் தியாரி நான்கு உருண்டை எறிந்தாள். நான்காவது, நிமோலின் அப்பா மியாஸுக்கு.

திங்கள் மாலை விளக்கு வைத்தார்கள். செவ்வாயும் வைத்தார்கள். சோக்கிம் கொடுத்த எண்ணில் மணி அடிக்கவே இல்லை. புதன்கிழமை வன்னாவும் அவளும் அந்த ஊருக்குப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கோழிக்கு நொய்யரிசி வீசிக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டாம் நாளே ஒரு வண்டி வந்துச்சு. அம்மா, மக, இன்னும் ரெண்டு பொண்ணுங்க. எல்லை தாண்டி அக்கரைக்குப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. பொண்ணு ஏற மாட்டேன்னு தூணைப் பிடிச்சிட்டு நின்னுச்சு. நாங்க என்ன கண்டோம், அம்மா மக சண்டைன்னு நினைச்சோம்."

தியாரி அந்தத் தூண் அருகில் கொஞ்ச நேரம் நின்றாள். தின்பண்டப் பை அதன் அடியிலேயே கிடந்தது. ஒரு பிட்டு கூடப் பிரிக்கப்படவில்லை. எறும்பு மொய்த்திருந்தது.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லைக்கு அப்பால் இருந்த இன்னொரு தொண்டு நிறுவனத்துக்கு விவரம் அனுப்பினார்கள். நிர்வாகம் தியாரியை வேலையை விட்டு அனுப்பவில்லை. கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டது. வன்னா தன் பங்கைச் சொல்லி அழுதபோது, "நீ விதியைச் சொன்ன. நான்தான் கேக்கல," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. குறட்டை நின்றுபோனது. தூங்கினால்தானே குறட்டை.

ஏழு மாதம் கழித்து, புத்தாண்டு முடிந்த வெயிலில், உப்பேறிக் கறுத்த ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"நிமோல் இங்க இருக்காளாமே. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். நான் அவ அப்பா."

தியாரி வாசலை மறித்து நின்றாள். "ஒரு தடவை ஏமாந்தாச்சு. நிமோலோட அப்பா செத்துட்டாரு. போயிடுங்க, போலீஸைக் கூப்பிடுவேன்."

அவருக்குப் புரியவில்லை. "செத்துட்டேனா? யாரு சொன்னது?"

"உங்க... அந்தப் பிள்ளையோட அம்மா. தலையை மழிச்சிட்டு வந்து சொன்னா."

அவர் கை தானாகத் தன் தலைக்குப் போய்த் தடவிப் பார்த்தது. பிறகு பையை நீட்டினார். "கருவாடு. அவளுக்குப் பிடிக்கும். அதையாவது வாங்கிக்கங்க."

தியாரி பையைப் பார்த்தாள். அவிழ்க்கப் போனாள். முடிச்சில் விரல் நகம் நுழையவில்லை. பல்லால் கடித்தாள். கடித்த வாயோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, என்னாச்சு? எம்பொண்ணு எங்க?"

மியாஸ் திட்டவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு கடலுக்குப் போகவே இல்லை. எல்லை ஊரில் கைவண்டி இழுக்கிறார். காலையில் எல்லைப் பாலம் திறந்ததும் கடந்து போகும் ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்தையும் பார்க்கலாம் என்பதற்காக எடுத்த வேலை அது. பிச்சும்பென்னுக்கு மட்டும் பத்தம்பாங் வருவார்.

இது அவர் வரும் மூன்றாவது பிச்சும்பென். விகாரைக்குக் கிளம்பும்போது, பாத்திரத்தில் சோற்றை உருட்டிக்கொண்டிருந்த தியாரியிடம் வன்னா மெதுவாகச் சொன்னான்:

"சித்தி, கோவிச்சுக்காதீங்க. மூணு வருஷமாச்சு. ஒருவேளை... பசியோட ஏழு விகாரையும் சுத்தினா? நிமோலுக்கும் ஒண்ணு உருட்டிடுங்களேன்."

தியாரியின் கை நின்றது. அவளுக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. இறந்திருந்தால், தன் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் பிள்ளை அலையும். உயிரோடு இருந்தால், இந்த உருண்டை அவளைச் சாகச் சொல்வதாகும். பாத்திரத்தின் அடியில் ஒரு கைச்சோறு மிச்சம் இருந்தது.

"வேணாம் அக்கா," என்றார் மியாஸ். அவர் மூலையில் உட்கார்ந்து வாழைப்பழப் பிட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும்தான் போட்டீங்க. நான் வந்து நிக்கல?"

"நீங்க வந்தீங்க. ஆனா நீங்க தேடி வந்தவ..."

தியாரி முடிக்கவில்லை. மியாஸ் அடுத்த பிட்டைச் சுற்றினார். நூலை இறுக்கி, பல்லால் கடித்து அறுத்தார்.

மூன்று உருண்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் விகாரைக்குப் போனாள். மிச்சச் சோறு பாத்திரத்தில் உருட்டாமலே கிடந்தது. திரும்பி வந்தபோது விடிந்திருந்தது. சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள்.

மாடியில் நிமோலின் கட்டிலில் இப்போது வேறு பிள்ளை. போன வாரம் வந்தவள், ஒன்பது வயது, இன்னும் பேசவில்லை. தியாரி ஒரு பிட்டை எடுத்துக்கொண்டு ஏறினாள். கதவுக்கு மூன்றடி முன்னால் நின்றாள்.  செருப்பை ஒருமுறை இழுத்தாள்.

"தியாரி வர்றேன்," என்றாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.