நண்டு நடைக்கு வாட்டம் கொடுத்தவன்

சதுரங்கப்பட்டினத்தில் எந்த இன்ஜினியரும் கால் வைக்கத் தயங்கிய கடல்மணலில் மாடி வீடு கட்டினவன் நான். அது இன்றைக்கும் நிற்கிறது. அதன் தலைமேல் இன்னொரு மாடியும் ஏறிவிட்டது. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் சாப்பிடும் கடை ஒன்றை, ‘காலி பண்ணு’ என்று அதட்டல் வந்தால் அடுப்பு மேடையோடு மடித்துச் சுவரில் சாத்திவிடுகிற மாதிரி செய்து கொடுத்தேன். திருவிடந்தையில் கல்யாணம் ஆகவேண்டும் என்று மாலையோடு கோயிலைச் சுற்றுகிறவர்களுக்குச் செருப்பு அடுக்கு செய்தேன். செருப்பு மாறிப்போய், அதைத் தேடும்போது பழகிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி, ‘இனிமேல் யாருக்கும் அப்படி அமையாதே’ என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டது. ஒரு ரிசார்ட்டில் யானை மாதிரி குளியலறை கட்டினேன். தும்பிக்கையில் வெந்நீர், வாலில் பச்சைத் தண்ணீர். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்பு, அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும்தான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது நான் செய்த பின்பால் மெஷின். தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்த மெஷினில், விளையாடுகிறவன் கைக்கு நேராகக் கண்ணாடிக்கு அடியில், இதை யார் யார் செய்தார்கள் என்று ஒரு தகடு இருக்கிறது. அந்தத் தகட்டில் எங்கள் பட்டறை நாயின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

ஆதியிலிருந்து சொல்கிறேன்.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டைக்குப் பின்பக்கம் எனக்கு ஒரு ஷெட் உண்டு. அதை வாடகைக்குக் கேட்டுக் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அந்தம்மாவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். கணவர் கரண்ட் படித்தவர், சாதுவான மனிதர், எதையும் போனை வைத்து அளந்து பார்ப்பார். ‘என்ன தயாரிக்கப் போகிறீர்கள்?’ என்றேன். ‘விளையாட்டு மெஷின்’ என்றார்கள். பொம்மை என்று நினைத்துத் தலையாட்டினேன்.

பொம்மை இல்லை. நான்கு காலில் நிற்கிற கட்டில் மாதிரி ஒரு பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே விளையாடுகிறவன் பக்கமாகச் சரிந்த ஒரு பலகை. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புப் பந்து மேலே ஓடும். அங்கே முட்டி, இங்கே மோதி, கீழே உருண்டு வரும். அடியில் இரண்டு கை இருக்கும். பட்டனை அழுத்தினால் அவை பந்தைத் தட்டி மேலே அனுப்பும். தவறவிட்டால் பந்து நடுவில் உள்ள குழியில் விழும், ஆட்டம் போச்சு. பலகைக்கு அடியில் பார்த்தால் கம்பி சுற்றின காயிலும் ஒயருமாக, கல்யாண மண்டபத்து மெயின் போர்டைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

பெட்டியும் காலும் மரவேலை முழுக்க என்னுடையது. வெல்டிங் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அந்தம்மா முதலில் படம் எழுதி, பிறகு சும்மா வெள்ளை பிளைவுட்டில் ஆணியும் ரப்பரும் வைத்து விளையாடிப் பார்த்து, பிடுங்கி, நகர்த்தி, திரும்ப அடிப்பார். ஒரு பலகை சல்லடையானதும் அடுத்த பலகை. ஆட்டத்துக்கு நண்டுதான் நாயகன். பந்தைத் தட்டும் இரண்டு கைகளும் நண்டுக் கொடுக்கு. பின்னால் படகு, வலை, கலங்கரை விளக்கம்.

பெட்டிக்குள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்குவதைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் நூலில் கட்டித் தொங்கவிடுகிற அதே குண்டு.

“இது இன்னாத்துக்கும்மா?”

“யாராச்சும் மெஷினப் புடிச்சு ஆட்டுனா அந்தக் குண்டு அதைச் சுத்தியிருக்கற வளையத்துல இடிக்குமுங்க மேஸ்திரி. ஆட்டம் நின்னுரும்.”

என் தொழில் சாமானை உள்ளே வைத்துத்தான் இந்த மெஷினே ஓடுகிறது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அதற்கப்புறம் இது என் மெஷின் இல்லை என்று யார் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது வாட்டத்துக்கு வருகிறேன். கட்டட வேலையில் எந்தத் தளம் போட்டாலும் தண்ணீர் ஓட ஒரு சரிவு கொடுப்போம். அதற்குத்தான் வாட்டம் என்று பெயர். ஈசானி மூலைக்கு, அதாவது வடகிழக்குக்கு, வாட்டம் வைக்காமல் ஒரு தளம்கூட என் கையை விட்டுப் போனதில்லை. மொட்டை மாடி, குளியலறை, கட்சிக் கூட்ட மேடை, எதுவானாலும் சரி. ஷெட்டில் மெஷினை நிறுத்தியபோது அதன் காலில் உயரம் ஏற்றி இறக்க போல்ட் இருப்பதைப் பார்த்தேன். விளையாடுகிறவன் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவன் வலது கைப்பக்கம் வடக்கு. அவன் பக்கத்து வலது கால்தான் ஈசானி. அந்தக் காலை ஸ்பேனரால் கொஞ்சம் இறக்கினேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலை வந்தால் கால் பழையபடி மேலே ஏறியிருக்கிறது. நாய் முட்டியிருக்கும் என்று நினைத்து மறுபடி இறக்கினேன். அடுத்த நாளும் அப்படியே. காலையில் வந்ததும் முதலில் சாமிக்கு ஒரு கும்பிடு, பிறகு காலுக்கு ஒரு திருகு, பிறகு டீ என்று எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அங்கே அந்தக் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது. ‘பந்து வலது பக்கமே ஓடுகிறது’ என்று காயிலை மாற்றினார், ரப்பரை மாற்றினார், பந்தை மாற்றினார். சாயங்காலம் போனை வைத்து மட்டம் பார்ப்பார், சரியில்லை என்று காலைத் திருகுவார், சரியாகும், வீட்டுக்குப் போவார். மறுநாள் திரும்பக் கோணல். பந்து வலது பக்கம் ஓடுகிறது என்று அவர் புலம்பியது என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அது கரண்ட் சமாச்சாரம் என்று இருந்துவிட்டேன். கரண்ட் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

“மேஸ்திரி, இது உங்க தப்பு இல்ல. தரை இறங்குது. கோட்டையிலேர்ந்து டச்சுக்காரங்க சுரங்கம் ஏதாவது இந்தப் பக்கம் தோண்டியிருக்கணும்.”

எனக்குச் சுருக்கென்றது. “இன்னா சார் பேசிக்கினு கீற? நான் போட்ட தரை. மேல லாரி நின்னாலும் அசங்காது.”

“மேல நிக்கும் மேஸ்திரி. கீழ ஒண்ணும் இல்லைன்னா?”

என் மச்சான் வெல்டிங் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே வந்தான். “மாமா, சுரங்கம்னா உள்ள எதுனா வெச்சிருப்பான்ல?”

“உன் மூளைய வெச்சிருப்பான். போய் வேலையப் பாருடா.”

அவன் கடப்பாரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கணவரும் ‘தோண்டித்தான் பார்ப்போமே’ என்றார். மெஷினுக்குப் பக்கத்தில், நான் ஜல்லி எண்ணிப் போட்ட தரையை உடைத்தார்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு பழைய செங்கல் கிடைத்தது. அவ்வளவுதான், மச்சான் அதைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டான். இடுப்பளவு ஆழம் போனபோது குழி விளிம்பு சரிந்து, மெஷின் நிஜமாகவே ஒரு பக்கம் இறங்கியது.

“பாத்தீங்களா, இறங்குது!” என்றார் கணவர்.

“குழி தோண்டினா கோயில் கோபுரமே எறங்கும் சார்!” என்று நான் குழியில் குதித்து, யாரும் மேலே தோண்ட முடியாதபடி உள்ளேயே நின்றுகொண்டேன். டீயும் அங்கேதான் வந்தது.

மறுநாள் மண் பரிசோதனைக்கு ஆள் வருவதாக ஏற்பாடு. அதனால் அந்தம்மா என்றைக்கும் இல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டார். குழியை விட்டுத் தள்ளி வைத்திருந்த மெஷினுக்கு அடியில் நான் படுத்திருந்தேன், கையில் ஸ்பேனர்.

“மேஸ்திரி, என்ன பண்றீங்க?”

“வாட்டம் வெக்கிறேம்மா. தெனம் வெக்கிறேன், இந்த நாய் கலைச்சிடுது.”

“நாய் ஸ்பேனர் புடிக்குமுங்களா?”

அதை நான் யோசிக்கவில்லை. “ஈசானி மூலைக்குத் தண்ணி ஓடணும்ல?” என்றேன்.

“எந்தத் தண்ணிங்க?”

“எந்தத் தண்ணின்னாலும்.”

“கண்ணாடி போட்ட பொட்டிங்க இது. உள்ள எப்படி மழ பெய்யும்?”

“கடலோரம்மா. இங்க எது எங்க பெய்யும்னு யாரு கண்டா?”

அவர் குழி மண்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “ஏனுங்க, சுரங்கம் கெடச்சிருச்சு. கெளம்பி வாங்க.”

கணவர் ஓடிவந்து முதலில் குழியைத்தான் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு அந்தம்மா கோபப்பட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவர் காலை நேராக்கிவிட்டு என் மச்சானைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னார். அவன்தான் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் மெஷினோடு கிடக்கிறவன். இரண்டு ஆட்டம் ஆடினான். முகம் தொங்கிப்போயிற்று.

“இன்னாம்மா இது, பந்து செத்த மீன் மேரி நேரா வந்து வுழுது. சாயங்காலம் ஆனாலே இப்டிதான், பகல்லதான் ஷோக்கா ஓடும்.”

அவரே ஸ்பேனரை வாங்கி என் வாட்டத்தைத் திரும்ப வைத்தார். மச்சான் உடம்பெல்லாம் வளைந்து, ‘வா வா, ஏமாத்துறியா’ என்று பந்தோடு சண்டை போட்டுக்கொண்டு ஆடினான். பிறகு அந்தம்மா ஆடினார். தயிர்சாதம் டப்பாவிலேயே இருந்தது. அவர் நிறுத்தவில்லை.

“இது கோளாறும்மா,” என்றார் கணவர்.

“இது நண்டுங்க,” என்றார் அந்தம்மா. “நண்டு என்னைக்குங்க நேரா நடந்துச்சு?”

அதற்கப்புறம் பலகைக்கு அடியில் ஒரு கீல், ஒரு மோட்டார். பந்து நண்டு வளையில் விழுந்தால் பலகை முழுவதும் வலது பக்கம் சாயும், கொஞ்ச நேரம் பந்து பக்கவாட்டில் ஓடும், பிறகு நேராகும். அந்த மோட்டார் தீயாமல் ஓடக் கணவர் பட்ட பாடு பெரிய பாடு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சாய்வுக்குப் பெயர் நண்டு நடை. அதற்காகவே மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்காரர் முதல் மெஷினை எடுத்துக்கொண்டார்.

அங்கே போய்ப் பார்த்தேன். கடலைப் பார்த்து ஆடுகிற மாதிரி மெஷினைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். இப்போது நண்டு சாய்வது கன்னி மூலைக்கு! தென்மேற்கில் பள்ளம் விழுந்த கட்டடம் உருப்படுமா? மச்சானும் நானும் தூக்கித் திருப்பினோம். மேனேஜர் ஓடிவந்தார்.

“ஐயா, இப்ப ஆடுறவங்க முகத்துக்கு நேரா டாய்லெட் கதவு இருக்கே. கெஸ்ட்டுக்குக் கடல் தெரிய வேணாமா?”

“பந்தைப் பாக்கிறவனுக்குக் கடல் இன்னாத்துக்கு சார்?”

நான் கிளம்பியதும் அவர் பழையபடி மாற்றிவிடுகிறார். நான் வெள்ளிக்கிழமைகளில் போய்த் திருப்பிவிட்டு வருகிறேன். இப்போது அங்கே வாட்ச்மேனே ஒரு பக்கம் பிடிக்கிறார்.

அப்படி முதல் தடவை திருப்பும்போதுதான் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வடிவமைப்பு, மின்வேலை, ஓவியம், ஓசை, வெல்டிங். வெல்டிங்கில் மச்சான் பெயர் பளபளவென்று. மரவேலைக்கு ‘எங்கள் பட்டறை’ என்று பொதுவாக. கடைசியில் ‘காவல்’, பக்கத்தில் நாய்.

நேராக ஷெட்டுக்குப் போனேன். “நாய் இன்னாம்மா பண்ணுச்சு?”

“காவல் இருந்துச்சுங்க.”

“நானு?”

“நீங்க தெனமும் கெடுத்தீங்க மேஸ்திரி.”

“கெடுக்கலன்னா நண்டு ஏதும்மா?”

“அது நண்டுன்னு பாத்தது நானுங்க.”

அந்தம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பார்த்தது அவர்தான். ஆனால் பார்ப்பதற்கு அங்கே ஒன்று இருக்கவேண்டுமே? கணவர் சமாதானமாக, ‘மேஸ்திரி, நன்றின்னு ஒரு வரி போட்டு, டீக்கடையோட உங்களையும் சேத்துடலாம்’ என்றார். டீக்கடையோடு! தினமும் முதுகில் மண் ஒட்டப் படுத்துக் காலைத் திருகினது நன்றிக்கா? நன்றி விருந்தாளிக்குச் சொல்வது. நான் விருந்தாளி இல்லை.

இரண்டாவது மெஷின் தயாராகிறது. தகடு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வடிவமைப்பு அந்தம்மா, இருக்கட்டும். மின்வேலை அவர் கணவர், இருக்கட்டும். நாயையும் எடுக்கச் சொல்லவில்லை, பாவம், அதை நானே அநியாயமாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் நாய்க்கு மேலே ‘வாட்டம்’ என்று ஒரு வரி வரவேண்டும். பக்கத்தில் என் பெயர், இனிஷியலோடு, அந்தம்மா பெயர் இருக்கிற அதே உயரத்து எழுத்தில். இவ்வளவு சொல்லியும் என் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அதை எழுதவேண்டிய இடம் அந்தத் தகடு. அம்மா, சார், அதில் போடுங்கள்.