பிராண்டே, 1986: மெழுகுதிரி முடிந்த நாள்

இன்று காலை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஹான்ஸ், தன் நிலவறைக்குப் பெட்டி தூக்க என்னைக் கூப்பிட்டார்.

பெட்டி நிறையத் தோட்டா! பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக்குள் ஒரு வெற்றுத் தோட்டா கிடந்தாலே ஆமிக்காரர் ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"பொலிசுக்குத் தெரியுமோ?" என்றேன்.

"மான் வேட்டைக்கு. அனுமதி இருக்கு," என்று சிரித்தார்.

பிறகு எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவர், மூன்று மூட்டை அரிசியையும் அலுமாரி நிறைய மெழுகுதிரியையும் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சண்டை வரப்போகுதோ? உமக்கு ஏதும் தெரியுமோ?"

"இல்லை, ஊரில் சண்டைக்குள் சேர்த்து வைத்த பழக்கதோஷம்," என்றேன். அவர் நம்பவில்லை.

பின்னேரம் கடையில் பார்த்தால், ஹான்ஸின் கூடை நிறைய மெழுகுதிரி. மனிசன் ஏதோ கேள்விப்பட்டுவிட்டார் என்று பயந்து, மிச்சத்தை நான் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒடென்சே நகரத்தில் இருக்கிற எங்கட ஆக்கள் சொல்லுங்கோ, உங்கள் பக்கம் மெழுகுதிரி கிடைக்குதோ?