இரண்டு பெயர், ஒரே பட்டியல்

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு எதிரி கம்ப்யூட்டர் இல்லை. "காப்பி எடுத்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பக்கத்து சீட்டுக்காரன்தான். உங்களுக்கும் ஒருவன் வாய்த்திருப்பான். எனக்கு வாய்த்தவன் ஸ்ரீதர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் நாங்கள் டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த புரோகிராமர்கள். குவார்ட்டர்ஸ் கேட்டுக் காத்திருப்பவர்களின் சீனியாரிட்டி பட்டியல் எங்கள் பொறுப்பு.

ஒரு சமன் குறி

மனுவைப் புதுப்பிக்காதவர்களை நீக்கினால் பட்டியல் எவ்வளவு குறையும் என்று அதிகாரி கேட்டார். சோதித்துப் பார்க்க ஸ்ரீதர் 'காப்பி' எடுத்தான். எப்படித் தெரியுமா? 'புதுப் பட்டியல்' என்று பெயர் வைத்து, சமன் குறி போட்டு, பழைய பட்டியலின் பெயரை எழுதினான். அடப்பாவி, அதுவா காப்பி? ஒரே வீட்டு வாசலில் இன்னொரு பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை அது!

புதியதில் நீக்கிய பெயரெல்லாம் பழையதிலும் போயின. அதைச் சேமித்தும் வைத்துவிட்டான்; வேறு நகலும் கிடையாது. வயிறெரிந்து கத்தினேன். டீயை உறிஞ்சியபடி சொன்னான்: "அரே பாய், பேர் வேற வேறதானே வெச்சேன்?"

நாலாம் நம்பர்

நோட்டீஸ் போர்டில் பழைய தாளைக் கிழித்துவிட்டு, அந்தக் குறைந்த பட்டியலையே அச்சடித்து ஒட்டினார்கள். நாலாம் இடத்தில் இருந்த பாண்டியனைக் காணோம். விருதுநகர்க்காரர், கிளார்க். பதினோரு வருஷக் காத்திருப்பு. முனிர்காவில் ஒற்றை அறையில் மனைவி, இரண்டு பெண்கள், படுத்த படுக்கையாய் மாமனார். அவர் நேரத்தோடு புதுப்பித்துக் கொடுத்த மனு, கம்ப்யூட்டரில் ஏறாமல் அதிகாரியின் மேஜையிலேயே கிடந்தது.

அதை எடுத்து அதிகாரியிடம் காட்டினேன். மனுஷன் அதைப் பார்க்கக்கூட இல்லை. பாண்டியனை நிற்க வைத்தே பேசினார். கம்ப்யூட்டரில் இல்லாத ஆள் உலகத்திலேயே இல்லை என்பது அவர் கட்சி. "கம்ப்யூட்டர் மே நாம் நஹீ, தோ நஹீ."

பச்சை டைரி

மறுநாள் பாண்டியன் ஒரு பச்சை டைரியோடு வந்தார். மாதாமாதம் போர்டைப் பார்த்து, பட்டியலில் இருந்த நாற்பது பேரையும், பணியில் சேர்ந்த தேதியோடு கையால் எழுதி வைத்திருந்தார். மேலே இருப்பவர் நகர்கிறாரா, கீழே இருப்பவர் தாவுகிறாரா என்று கண்காணிக்கிற வேலை! சர்வீஸ் புத்தகங்களோடு ஒப்பிட்டோம். ஒரு பிசகு இல்லை. பட்டியலைத் திருத்தச் சொல்லிவிட்டார் அதிகாரி. பாண்டியன் முகம் சிவந்திருந்தது. "பேர அழிச்சது நீங்க. ஆள் இருக்கேன்னு நிரூபிக்கிறது நானா?"

என் லட்சணம்

டைரியைப் பார்த்துப் பட்டியலை மீட்டேன். அடுத்த சோதனைக்கு, ஸ்ரீதருக்குப் பாடம் நடத்திக்கொண்டே, நிஜமாகவே தனிப் பட்டியல் ஒன்று உருவாக்கினேன். அதில் பாண்டியனின் வரிசை எண்ணை நாற்பது ஆக்கிப் பார்த்தேன். அசலிலும் நாற்பது! பட்டியல்தான் புதிது, உள்ளே ஒவ்வொருவர் விவரமும் இரண்டுக்கும் பொது. அவற்றையும் தனித்தனியாகப் படியெடுத்திருக்க வேண்டும். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நல்ல வேளை, சேமிக்கவில்லை. டைரி பக்கத்தில் விரிந்து கிடந்ததால் தப்பு கண்ணில் பட்டது. டைரி அலுவலகத்திலேயே இருக்கட்டுமே என்று கேட்டேன். பாண்டியன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "வேணும்னா ஒக்காந்து எழுதிக்கிடுங்க தம்பி. இதத் தரமாட்டேன்."

அவருக்குக் கிட்வாய் நகரில் வீடு கிடைக்கும்வரை, அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து நாற்பது பெயரையும் மாதாமாதம் கையால் எழுதினேன். புரோகிராமர் என்ற பெயரில் நான் ஒழுங்காக எடுத்த காப்பி அது ஒன்றுதான்.