வாரம் ஒரு வீடு போன பெட்டி

1. முதல் சண்டை

பெட்டி முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பிய திங்கட்கிழமை, பள்ளி வாசலில் ஒருவர் என்னை அடிக்காத குறையாக நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, நீ பள்ளிக்கூடம் நடத்துறியா, போலீஸ் ஸ்டேஷன் நடத்துறியா?"

நான் பால்வாடிப் பள்ளியில் பால சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கம். பிறந்ததும் பயிற்சி எடுத்ததும் திண்டிவனத்தில். வேலை கிடைத்தது விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம், காணை வட்டாரத்தில் ஓர் ஊரில். ஊரின் பெயரை எழுத மாட்டேன். காரணத்தைப் படித்து முடிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றி. விழுப்புரத்தில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டி அது. உள்ளே ஒரு குட்டி அடுப்பு, நாலு செப்புச் சட்டி, முறம், அம்மி, தராசு. கூடவே ஒரு துணிப் பொம்மை. பொம்மையை நானே என் பழைய புடவையைக் கிழித்துப் பஞ்சடைத்துத் தைத்தேன். ஆறுமாதக் குழந்தை அளவு இருக்கும். வீடு கட்டி, சோறாக்கி, பிள்ளை வளர்த்து விளையாடும்போதுதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சும் எண்ணிக்கையும் புத்தியும் வளரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெற்றோர் அதை நம்பவில்லை. "பொம்ம வச்சி ஆடறதுக்கா பள்ளிக்கூடம்?" என்றார்கள்.

அதற்கு எங்கள் முக்கிய சேவிகா அம்மா, அதாவது என் மேலதிகாரி, ஒரு வழி சொன்னார். பெட்டி வாரம் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை தாயோ தகப்பனோ அதைத் திருப்பிக் கொண்டுவந்து, பிள்ளை என்ன விளையாடியது என்று சொல்ல வேண்டும். நான் அதைப் 'பெற்றோர் அனுபவப் பதிவேடு' என்ற நோட்டில் எழுதி, கடைசிப் பத்தியில் என் கருத்தையும் எழுத வேண்டும்.

முதல் வீட்டிலேயே வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன். அந்த வீட்டுப் பெண் குழந்தை செப்பில் தண்ணீர் ஊற்றி வைக்கோல் போரில் ஒளித்துவைத்து, எடுத்து எடுத்துக் குடித்து, தள்ளாடி வந்து பொம்மையை அடித்திருக்கிறது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அதன் தாய் சிரித்துக்கொண்டே சொல்ல, நானும் சிரித்துக்கொண்டே பத்துப் பெண்கள் நடுவில் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினேன். அன்று சாயங்காலமே தகப்பன் வாசலில் வந்து நின்றார். அவர் மேல் தப்பே கிடையாது.

முக்கிய சேவிகா அம்மா விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து என்னைக் காய்ச்சினார். "விளையாட்டை விளையாட்டா மட்டும் பாரு. அதை வச்சி அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்காதே" என்றார்.

நான் சூடு கண்ட பூனை ஆனேன்.

2. பதிவேட்டில் ஏறியவை

அதற்குப் பிறகு பெட்டி ஒழுங்காக வீடு வீடாகப் போய் வந்தது. பெற்றோரும் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார்கள். "செப்ப வச்சி எங்க பையன் அஞ்சி வரைக்கும் எண்றான்" என்று ஒரு தகப்பன் வந்து சொன்னார். இன்னொருவர் முருங்கைக் கட்டையில் ஒரு குட்டி ஏர் செதுக்கிப் பெட்டியில் போட்டு அனுப்பினார். பெட்டியைத் திருப்பித் தரும் நாளில் பிள்ளைகள் அழும் அழுகை தெருமுனை வரைக்கும் கேட்கும்.

ஒரு தாய் சொன்னாள்: "எல்லாருக்கும் கூழு ஊத்துது. அதுக்கு மட்டும் ஊத்திக்க மாட்டேங்குது. ஏண்டின்னா, அம்மாவுக்கு மிச்சம் இருந்தாத்தான்னு சொல்லுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் கருத்துப் பத்தியில் 'தியாக உணர்வு நன்று' என்று எழுதினேன். அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆனால் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று முக்கிய சேவிகா அம்மா பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. அஞ்சலை வெளியே நின்றாள்

அஞ்சலையின் மகள் பொன்னிக்கு நாலு வயது. பொன்னிக்குக் கீழே எட்டு மாதத்தில் ஒரு தம்பி. கணவர் விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில், நிலக்கடலையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள், மூட்டை தூக்குபவர். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். பெட்டி அந்த வாரம் இவர்கள் வீட்டில் இருந்தது. ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். எந்தத் தெருவைப் பார்த்தாலும் வேப்பிலைத் தோரணம்.

திங்கட்கிழமை காலை அஞ்சலை வெறுங்கையோடு வந்தாள். எப்போதும் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து பேசுபவள், அன்று படிக்கு வெளியே நின்றாள்.

"பெட்டி எங்கே அஞ்சலை?"

"ஊட்டுல இருக்குதுங்க. இந்த வாரமும் அங்கியே இருக்கட்டுங்களே டீச்சரம்மா."

"ஏன்?"

"பொன்னி குடுக்க மாட்டேங்குதுங்க."

"எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். இந்த வாரம் முனியம்மா வீட்டு முறை. சரி, உள்ளே வந்து உட்கார். பொன்னி என்ன விளையாடினாள்னு சொல்லு, எழுதிக்கிறேன்."

"இங்கியே நின்னு சொல்றேங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "பொம்மைய வாயெல மேல படுக்க வச்சிருக்குதுங்க. வேப்பங்கொத்தால வீசிக்கினே குந்திக்கினு இருக்குது. செப்புல கொழம்பு வச்சா தாளிக்கவே கூடாதுங்குது. யார்னா கிட்ட போனா, வராத, அப்பிடியே போ போங்குது."

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அம்மை கண்டவரை வாழையிலையில் கிடத்துவதும், வேப்பிலையால் வீசுவதும், அந்த வீட்டில் தாளிக்காமல் இருப்பதும் எனக்குத் தெரியாத வழக்கமா? திண்டிவனத்தில் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் ஊரெல்லாம் வேப்பிலையாக இருந்ததால், பிள்ளை திருவிழாவைப் பார்த்து ஆடுகிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்க்காதே என்ற உத்தரவும் ஞாபகத்தில் இருந்தது. 'கற்பனை வளம் நன்று' என்று எழுதினேன். மத்தியானத்துக்குள் பெட்டி வந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அவளை அனுப்பினேன்.

மத்தியானம் பெட்டியைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். பட்டியலை வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. பொம்மை மட்டும் இல்லை.

"கெணத்துல உயுந்துட்டுதுங்க" என்றாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த பொன்னி எழுந்து நின்று, "இல்ல டீச்சர், ஊட்டுல தம்பிகூட படுத்துக்கினு இருக்குது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பொம்மை வராவிட்டால் நாளையிலிருந்து பொன்னியை அனுப்ப வேண்டாம் என்றேன். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாலும் கஞ்சியும் கொடுத்துவந்தோம். அஞ்சலை வீட்டில் பொன்னிக்கு அந்த ஒரு வேளைதான் வயிறு நிறையும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவள் போய்ப் பொம்மையைக் கொண்டுவந்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டு அலசியதில் புடவைத் துணி முழுக்க மஞ்சளாகியிருந்தது.

"நல்லா கயிவிட்டேங்க. ரெண்டு மூணு நாளு வெயில்ல காய வச்சிட்டு அப்பறமா குடுங்க டீச்சரம்மா. உங்கள கையெடுத்துக் கும்புடறேன்."

கறை பட்டதற்கும் சேர்த்துத் திட்டினேன். முனியம்மா காத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் போய்க் காயப்போட்டுக்கொள் என்று சொல்லி, பெட்டியையும் ஈரப் பொம்மையையும் அவள் கையில் கொடுத்தேன்.

4. செல்வம்

முனியம்மாவின் ஒரே மகன் செல்வம். மூன்றரை வயது. அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்த நாளில் இவனைத் தூக்கிக்கொண்டு கொல்லிக்குப் போய்ப் பயிருக்குள் ஒளிந்துகொண்டார்கள். குத்தினால் கை வீங்கிக் காய்ச்சல் வரும் என்ற பயம். அந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தான்.

அடுத்த திங்கட்கிழமை தேர். பள்ளிக்கு விடுமுறை விட்டதால் பெட்டி முனியம்மா வீட்டிலேயே தங்கியது. அதற்கும் அடுத்த திங்கள் அவள் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் முகத்தில் அம்மை போட்டது. பிறகு இடமில்லாமல் உடம்பெல்லாம் போட்டது. பன்னிரண்டாம் நாள் செல்வம் போய்விட்டான்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்தார். வீடு வீடாக நுழைந்து பார்த்தபோது அஞ்சலையின் கைக்குழந்தை அகப்பட்டது. முகமெல்லாம் தழும்பு. பக்கு உதிர்ந்து, பிழைத்துக் கிடந்தது. பொன்னிக்கு முன்னாலேயே குத்தியிருந்ததால் அவளுக்கு ஒன்றும் இல்லை.

"அந்தத் தெரு வேற, இந்தத் தெரு வேற. ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தைகூட இல்லேங்கறாங்க. துணிமணி ஏதாவது இங்கிருந்து அங்க போச்சா?" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார்.

பதிவேடு என் கையில்தான் இருந்தது. "ஒரு பொம்மை சார்" என்றேன். நோட்டைத் திறந்து காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. பொம்மையையும் பெட்டியையும் பள்ளிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தச் சொன்னார். நானேதான் மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

எரிந்து முடியும் வரை அஞ்சலை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு கிட்டே வந்தாள்.

"நான் சொன்னேனே டீச்சரம்மா."

"என்னடி சொன்னே? அம்மைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஊட்டுல ஆத்தா எறங்கி இருக்கச்சொல்ல வாயால பேர் சொல்லுவாங்களா? வெளிய தெரிஞ்சா புள்ளய ஊருக்கு வெளிய ஷெட்டுல போடத் தூக்கிக்கினு பூடுவாங்க. எங்க அக்கா புள்ளய அப்பிடித்தான் தூக்கிக்கினு போனாங்க, திரும்பி வரல. அதான் உள்ள வராத நின்னேன். பொன்னி ஆடினத ஒண்ணு உடாத சொன்னேன். பொம்ம கெணத்துல உயுந்துட்டுதுன்னு பொய்கூட சொன்னேன். இன்னும் எப்பிடிங்க சொல்றது?"

நான் குனிந்து மண்ணெண்ணெய் டின்னை மூடினேன்.

"முனியம்மாவுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"சொல்லிடாதீங்க. நாங்க இந்த ஊர்ல குடியிருக்க முடியாது."

சொல்லவில்லை. அவளுக்காகச் சொல்லவில்லை என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவளைக் காட்டிக்கொடுத்தால் பொம்மையை மிரட்டி வாங்கிக் கொடுத்தது யார் என்ற பேச்சும் வரும். அந்தப் பயம்தான் பெரிது.

5. முனியம்மா சொல்லி எழுதியது

காரியம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை காலை முனியம்மா பள்ளிக்கு வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க செல்வம் ஆடினத எழுதிக்கலியே நீங்க" என்றாள். "எல்லார்ட்டயும் கேட்டு எழுதிக்கிறீங்களே. அவனோடதும் இருக்கட்டும்."

நோட்டை எடுத்தேன்.

"அவன் அடுப்பு, சட்டி ஒண்ணும் தொடல டீச்சர். பொம்ம ஒண்ணுதான். மடியில போட்டுக்கினு, குடிடா தம்பி குடிடான்னு கூழு ஊத்துவான். ராவுல பக்கத்துல போட்டுக்கினுதான் படுப்பான். ஈரமா இருக்குதுடா, காயட்டும்னு புடுங்கினாக்கூட குடுக்க மாட்டான். மஞ்சா வாசன அடிக்குதும்மா, ஒன்னாட்டமே இருக்குதுன்னு மோந்து மோந்து பாப்பான்."

ஒரு வரி விடாமல் எழுதினேன். கருத்துப் பத்தியில் எதுவும் எழுத முடியவில்லை. "எங்க செல்வம் நல்லா ஆடினான் இல்ல டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் வேலை பார்த்தேன். நானே முக்கிய சேவிகாவாகி, புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தேன். அவர்களிடம் நான் சொன்னது இதுதான். பிள்ளை விளையாடுவதற்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். ஒரு தாய் ஒன்றைத் தர மாட்டேன் என்றால், பிடுங்குவதற்கு முன்னால் எழுந்து அவள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். எட்டிப் பார்த்ததற்காகத் திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்தை நான் செலவில்லாமல் கற்கவில்லை, செலவு இன்னொருத்தியுடையது என்பதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

மாற்றல் கிடைத்து அந்த ஊரை விட்டுப் போகும் வரை, ஒவ்வொரு அறுவடைக்கும் முனியம்மா ஒரு மரக்கால் மல்லாட்டை கொண்டுவந்து கொடுப்பாள். எதற்கு முனியம்மா என்று முதல் வருடம் கேட்டேன்.

"சாவறதுக்கு முந்தி எம்புள்ள ஆசையா ஆடறதுக்கு ஒரு பொம்ம குடுத்தீங்களே டீச்சர், அதுக்கு" என்றாள்.

முறத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன். அந்த வருடமும், அதற்கடுத்த ஒவ்வொரு வருடமும் வாங்கிக்கொண்டேன்.