ஒப்படைக்கும் வழி

லண்டன் பாராளுமன்றத்துக்கு எதிரே தூறல் விழுகிறது. கால்வலி தாங்காமல் ஈர பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். எதிரே முப்பது நாற்பது பேர், பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரர்கள், புதிய துப்பாக்கிச் சட்டத்தை எதிர்த்து அட்டைகளோடு நிற்கிறார்கள். கோஷத்தில் சுரத்தே இல்லை.

பெஞ்சில் அவர்களுடைய பைகளுக்குக் காவலாக ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். டூட்டிங் பகுதியில் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் கிளப்பில் அவர்களோடு இலக்கு சுடுபவர்.

“நீங்க அங்க போய் நிக்கலையா, அண்ணே?”

“துவக்கு எண்டு எழுதின மட்டையை நான் பிடிக்க ஏலுமே, தம்பி?”

துவக்கு என்று அவர் சொல்வது துப்பாக்கியை. அவரிடமிருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு இனி லைசென்ஸ் வேண்டுமாம். இல்லையென்றால் மாதம் முடிவதற்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும்.

“குடுக்கத்தான் போறன். ஆனா ஸ்டேஷன் மட்டும் அதை ஆர் கொண்டுபோறது? வழியிலை பொலிஸ் மறிச்சால், குடுக்கத்தான் கொண்டு வாறன் எண்டு நான் சொல்லி முடிக்க விடுவினமோ?”

“அப்ப என்ன செய்வீங்க?”

தாடையால் கூட்டத்தைக் காட்டுகிறார். “அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் நாளைக்குத் தன்ரையோட என்ரையையும் கொண்டுபோய்க் குடுக்கிறார். அவரை ஒருத்தரும் மறிக்க மாட்டினம்.”

சிவப்புத் தொப்பிக்காரர் கை மாற்றிப் பிடித்துக்கொள்ளும் அட்டையைப் படிக்கிறேன்: ‘ஒருபோதும் ஒப்படைக்க மாட்டோம்.’