நான்கு அரை எலுமிச்சை

காலை ஆறு இருபது. தெற்கு மாட வீதியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பால் வண்டி. நாங்கள் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே புகுந்து, சாவகாசமாக வெளியே போனது. அடுத்த பத்து நிமிடத்தில் பதினோரு பைக்குகள் அதே வழியில் போயின. எண்ணினேன்.

மழைநீர் வடிகாலுக்காகச் சாலையை அளந்துகொண்டிருந்தோம். ஓரத்தில் கருவியோடு நான். நடுச்சாலையில் கம்பு பிடிப்பவர். கம்பு சாயாமலிருக்க, அதிலுள்ள மட்டக்குமிழி நகராமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அவரால் தலை தூக்க முடியாது. வண்டிகள் வருவதோ முதுகுப் பக்கம். முந்தின நாள் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி அவர் முழங்கையைச் சிராய்த்திருந்தது. அளக்க இன்னும் எட்டுப் புள்ளிகள் பாக்கி.

கொடி பிடிக்கும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். அவர் கொடியையும் விசிலையும் யாரும் மதிக்கவில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர், கோயில் குளத்தோரக் கடையில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி அரிந்து வந்தார். பர்ஸிலிருந்த குங்குமத்தைத் தடவி, நான்கு பாதிகளையும் கூம்புகளின் இடைவெளியில் வைத்தார்.

"கூம்பு பிளாஸ்டிக்கு சார். இத்தப் பாத்தா, வூட்ல பொண்டாட்டி கீது, புள்ள கீதுன்னு யோசிப்பான்."

யோசித்தார்கள். காதில் இயர்போனோடு வந்தவர்கூட பிரேக் அடித்து, காலால் உந்திப் பின்வாங்கினார். ஒரு பெரிய கார் இண்டிகேட்டர் போட்டு விலகியது. அந்த வீதியில் இண்டிகேட்டரை அன்றுதான் பார்த்தேன்.

ஓர் ஆட்டோக்காரர் மட்டும் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார். "இன்னாக்கா, யாருக்கு வெச்சுக்கீற?"

"மொத தாண்டுறவனுக்கு."

அவர் சுற்றிக்கொண்டு போனார்.

ஏழரைக்கு, ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்திலிருந்து எங்கள் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பத்து நிமிடம் நின்று பார்த்தார். கூம்புகளுக்குள் ஒரு வண்டியும் வரவில்லை. இதெல்லாம் விதிமுறையில் இல்லை, உடனே எடுக்க வேண்டும் என்றார். நான் கருவியை விட்டு நகர முடியாது. கம்புக்காரரோ குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்களே எட்த்துடுங்க சார்," என்றார் அக்கா.

அதிகாரி குனிந்தார். பாதியில் நிமிர்ந்து, ஷூ கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கூம்புகள் மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுத்தார். பைக்குக்குத் திரும்பும்போது எலுமிச்சையைத் தாண்டாமல், வரிசையின் கடைசி வரை நடந்து சுற்றிப் போனார்.

எட்டரைக்குள் எட்டுப் புள்ளிகளையும் அளந்துவிட்டோம். கம்புக்காரர் மேல் எதுவும் உரசவில்லை. அன்றைய பாதுகாப்பு அறிக்கையில், கூம்புகள் நன்றாகப் பயன்பட்டன என்று எழுதியிருந்தது.